சீனத் தேயிலை மலைகளுக்குக் குறைந்த செலவில் போய்வர: எது முதலில், எது அப்புறம்

மலிவாக ஒரு விமான டிக்கெட் கண்ணில் பட்டதும் எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு "அந்தத் தேதியில் எங்கே என்ன பறிக்கிறார்கள்?" என்று தேட ஆரம்பிப்பதுதான் சீனத் தேயிலைப் பயணத்தில் நடக்கும் முதல் தவறு. தேயிலைக்கு நாள்கணக்கு உண்டு. ஒரு வாரம் தள்ளிப்போனால் பறிப்பு முடிந்திருக்கும். ஒரு வாரம் முந்தினால் நாட்டு விடுமுறைக் கூட்டத்தில் மாட்டுவீர்கள், அறை வாடகை இரண்டு மடங்கு ஆகும்.

ஆகவே இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். முதலில் பகுதி, அடுத்து தேதி, பிறகு வழித்தடம், அதற்கும் பிறகு விசாவும் டிக்கெட்டும். உதாரணத்துக்குத் தென்கிழக்கின் ஊலாங் (பச்சை டீக்கும் கறுப்பு டீக்கும் இடைப்பட்ட வகை) வழியை எடுத்துக்கொள்கிறேன்: குவாங்டொங் மாகாணத்தின் சாவ்சோ, ஃபூசியான் மாகாணத்தின் அன்ஷி, வூயி மலை. முதல் தடவை போகிறவர்களுக்குச் செலவும் அலைச்சலும் குறைவான வழி இது.

1. ஒரு பகுதியை மட்டும் எடுங்கள்

பூஅர் தேயிலை விளையும் யுன்னானின் சிஷுவாங்பன்னாவுக்கும் லோங்ஜிங் தேயிலை விளையும் ஹாங்சோவுக்கும் நடுவே 2,000 கிலோமீட்டருக்கு மேல். இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்த்தால் பணம் பாதியும் நாள்கள் கால்வாசியும் விமான நிலையங்களிலேயே போய்விடும்.

ஷாங்காயிலிருந்து எளிதாக எட்டக்கூடியது ஹாங்சோ, ஹுவாங்ஷான் பக்கம். அது பச்சைத் தேயிலைப் பகுதி. ஊரும் அழகு, தேசியத் தேயிலை அருங்காட்சியகத்துக்கு நுழைவுக்கட்டணமும் இல்லை. ஆனால் ஏப்ரல் தொடக்கத்தில் கூட்டமும் விலையும் உச்சியில் நிற்கும். யுன்னானில் மலைகள் தள்ளித் தள்ளி இருப்பதால் வாடகை வண்டி இல்லாமல் வேலை ஆகாது. நான்கு பேராகப் போனால் கட்டுப்படியாகும், தனி ஆளுக்குக் கையைக் கடிக்கும். சிச்சுவானில் செங்டுவை மையமாக வைத்து யாஆன் பக்கத்து மெங்திங் மலைக்குப் போய்வரலாம். டீக்கடைகளில் உட்கார்ந்து பொழுது போக்க அதைப்போல ஊர் இல்லை.

ஊலாங் வழியை நான் சொல்வதற்குக் காரணம் ரயில். சாவ்சோ, சுவான்சோ, ஃபூசோ, வூயி மலை எல்லாம் அதிவேக ரயிலில் கோத்திருக்கின்றன. எந்த இடத்திலும் உள்ளூர் விமானம் தேவைப்படாது.

2. பறிப்பு நாளையும் விடுமுறை நாளையும் ஒரே தாளில் எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம். ஒரு தாளில் இடப்பக்கம் பறிப்புக் காலத்தையும் வலப்பக்கம் தவிர்க்க வேண்டிய நாள்களையும் எழுதுங்கள்.

சாவ்சோவின் ஃபெங்ஹுவாங் மலையில் மார்ச் கடைசியில் தாழ்வான தோட்டங்களில் பறிப்பு தொடங்கும். உயரம் கூடக் கூடத் தள்ளிப்போய் ஏப்ரல் முழுக்க நடக்கும். வூயி மலையில் ஏப்ரல் கடைசி வாரம் முதல் மே நடுப்பகுதி வரை. அன்ஷியின் ஊலாங் வகையான தியேகுவான்யினுக்கு வசந்தப் பறிப்பு மே முதல் பாதியிலும், இலையுதிர்காலப் பறிப்பு அக்டோபரிலும் வரும்.

வலப்பக்கம்: ஏப்ரல் 4, 5 ஒட்டி வரும் சிங்மிங் விடுமுறை, மே 1 முதல் 5 வரை, அக்டோபர் 1 முதல் 7 வரை. இந்த நாள்களில் ரயிலில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. இதோடு பலரும் கவனிக்காத ஒன்று, குவாங்சோவில் நடக்கும் கான்டன் வர்த்தகக் கண்காட்சி. ஏப்ரல் 15 முதல் மே 5 வரை ஒன்று, அக்டோபர் 15 முதல் நவம்பர் 4 வரை இன்னொன்று. உலக வியாபாரிகள் எல்லாரும் அங்கே கூடுவதால் சாதாரண அறைகூட எட்டாத விலைக்குப் போகும். குவாங்சோவில் இறங்கலாம், தங்க வேண்டாம். அன்றைக்கே ரயில் ஏறிவிடுங்கள்.

குவாங்சோவில் தங்காதவரை, எல்லாம் போக மிஞ்சுவது இரண்டு இடைவெளி. ஒன்று ஏப்ரல் 16 முதல் 29 வரை, மற்றது அக்டோபர் 8 முதல் 22 வரை. டீ எப்படி உருவாகிறது என்று பார்க்க ஏப்ரல், நல்ல டீ குடிக்க அக்டோபர். வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் காரணம் இருக்கிறது. வூயி டீயை மே மாதம் செய்து முடித்தபின் கோடை முழுக்கக் கரித் தணலில் தவணை தவணையாக வாட்டுவார்கள். அந்த வருடத்துச் சரக்கு குடிக்கும் பதத்துக்கு வருவது இலையுதிர்காலத்தில்தான். ஏப்ரலில் கடைக்காரர் ஊற்றுவது போன வருட டீ. அது குறை இல்லை, தெரிந்து குடித்தால் போதும்.

முதல் பயணத்துக்கு எது என்று கேட்டால் அக்டோபர் என்பேன். ஏப்ரலில் ஃபூசியானில் மழை விடாது, மழை நாளில் நல்ல இலையைப் பறிக்கவும் மாட்டார்கள். நான்கு நாள் காத்திருந்து எதையும் பார்க்காமல் திரும்பியவர்கள் உண்டு.

3. வழித்தடத்தைப் போட்டு, இரவுகளை எண்ணுங்கள்

குவாங்சோவில் இறங்கி நேரே சாவ்சோ: 3 இரவு. அங்கிருந்து சுவான்சோ: 2 இரவு. அன்ஷி: 1 இரவு. வூயி மலை: 4 இரவு. பிறகு ஃபூசோ அல்லது சியாமென் வழியாக வெளியே. மொத்தம் 10 இரவு.

வூயிக்கு நான்கு இரவு கொடுத்திருப்பது மழைக்காக. ஒரு நாள் மழையில் போனாலும் மலைப்பாதைக்கு நாள் மிஞ்சும். புதியவர்கள் இந்த நான்கை இரண்டாக்கிவிட்டு, மிச்சத்தில் ஷாங்காயைச் சேர்ப்பார்கள். வேண்டாம்.

இறங்கும் ஊரும் ஏறும் ஊரும் வேறுவேறாக டிக்கெட் எடுத்தால் திரும்பி வரும் ரயில் செலவும் ஒரு முழு நாளும் மிச்சம். சென்னை, திருச்சியிலிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாகப் போவது வழக்கமான மலிவு வழி. இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் நடுவில் குறைந்தது ஐந்து மணி நேரம் விடுங்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.

4. கையில் எவ்வளவு வேண்டும்

விலைகள் மாறும், தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். விடுதியில் ஒரு படுக்கை 50 முதல் 80 யுவான். சின்ன ஹோட்டலில் தனி அறை 130 முதல் 200 யுவான். இரண்டு பேர் என்றால் அறையே லாபம். மூன்று வேளைச் சாப்பாடு 60 முதல் 90. ஊருக்குள் பஸ், எப்போதாவது டாக்சி என்று 30. ஆக நாளுக்கு 250 யுவான் என்று பதினொரு நாளுக்கு 2,750. ரயில்கள் எல்லாம் சேர்த்து 600. டீ வாங்க 600. அவசரத்துக்கு 500. மொத்தம் 4,450 யுவான். ஒரு யுவானை 13 ரூபாய் என்று வைத்தால் 58,000 ரூபாய்க்குள் முடியும். விமானமும் விசாவும் தனி.

டீக்கான 600ஐ இப்போதே தனியாக எழுதி வைக்கச் சொல்வது வெறும் கணக்குக்காக இல்லை. இந்தப் பயணத்தில் பட்ஜெட் உடைவது அறையிலோ ரயிலிலோ இல்லை, டீ மேசையில். மூன்றாவது கோப்பை உள்ளே போன பிறகு யாருக்கும் விலை பெரிதாகத் தெரியாது.

5. விசா

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் முன்கூட்டியே சுற்றுலா விசா எடுத்தாக வேண்டும். சீனாவில் 240 மணி நேர விசா இல்லாத் தங்கல் உண்டு என்று படித்துவிட்டு நம்பிப் போகாதீர்கள். அந்தப் பட்டியலில் இந்த இரண்டு நாடுகளும் இல்லை. சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் இருந்தால் 30 நாள் வரை விசா வேண்டாம்.

பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். போக வர டிக்கெட், எல்லா இரவுக்கும் தங்குமிட முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம், நாள்வாரியான பயணத் திட்டம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். முன்பதிவைக் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய வகையில் போடுங்கள். விசா தாமதமானால் தேதியை நகர்த்தலாம். ரயில் டிக்கெட்டை இப்போது தேடாதீர்கள், விற்பனையே ஆரம்பித்திருக்காது.

ஒற்றை நுழைவு விசா எடுத்தவர்கள் நடுவில் ஹாங்காங்கை எட்டிப் பார்க்க ஆசைப்படக் கூடாது. ஹாங்காங்குக்குள் நுழைந்தால் சீனாவைவிட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி உள்ளே வர அதே விசா செல்லாது. ஷென்சென் வரை போய்விட்டு "பக்கத்தில்தானே" என்று தாண்டி மாட்டிக்கொள்வது இங்கேதான்.

6. கிளம்புமுன், வீட்டில் உட்கார்ந்தே செய்ய வேண்டியவை

அங்கே போய்ச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டால் முதல் நாளே தண்ணீர் பாட்டில் வாங்க முடியாமல் நிற்பீர்கள்.

பணம்: அலிபே, வீசாட் இரண்டு ஆப்களையும் நிறுவி, விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையைச் சேருங்கள். யூபிஐயை நம்பிப் போக முடியாது. இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும், வங்கி ஆப்பில் போய்த் திறந்துவிட வேண்டும். அட்டையைச் சேர்க்கும்போது ஓடிபி வரும். அது சீனாவில் உங்கள் சிம்முக்கு வருமா வராதா என்று சோதிக்க அது இடம் இல்லை, அதனால்தான் வீட்டிலேயே முடிக்கச் சொல்கிறேன். ஒரே பில் 200 யுவானைத் தாண்டினால் அலிபே வெளிநாட்டு அட்டைக்கு 3% கூடுதலாக எடுக்கும். அறை வாடகையை நாளுக்கு நாள் கொடுத்தால் அந்தக் காசு மிச்சம். கையில் 500 யுவான் சில்லறை நோட்டுகளும் இருக்கட்டும், மலைமேல் போன் அணைந்துபோனால் அதுதான் துணை.

பெயர்: நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், இல்லையென்றால் அப்பா பெயர் அங்கே போயிருக்கும். விமானம், விசா, ரயில், ஆப் என்று எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டின் அடியில் இருக்கும் இரண்டு வரி இயந்திர எழுத்தில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதையே கொடுங்கள். ஒரு இடத்தில் இனிஷியல், இன்னொரு இடத்தில் முழுப்பெயர் என்று கலந்தால் சரிபார்ப்பில் நிற்கும்.

இணையம்: கூகுள், வாட்ஸ்அப், யூடியூப் எதுவும் சீன இணைப்பில் திறக்காது. வெளிநாட்டு ரோமிங் இ-சிம் வாங்கினால் அதன் வழியாக வேலை செய்யும், ஹோட்டல் வைஃபையில் செய்யாது. வரைபடத்துக்கு அமேப் ஆப் போடுங்கள். கூகுள் வரைபடம் அங்கே தெருக்களைச் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். மொழிபெயர்ப்பு ஆப்பில் சீன மொழியைத் தரவிறக்கி வையுங்கள்.

ரயில் கணக்கு: சீன ரயில்வேயின் 12306 ஆப்பில் பாஸ்போர்ட் படத்தை ஏற்றிக் கணக்கு திறங்கள். சரிபார்க்கச் சில நாள் பிடிக்கும். இதை முடிக்காமல் போனால் தரகுத் தளங்களுக்கு ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் கூடுதல் காசு அழ வேண்டும்.

7. ரயில் டிக்கெட்

15 நாளுக்கு முன்புதான் விற்பனை தொடங்கும். சாவ்சோ, சுவான்சோ துண்டுகளுக்கு ரயில் நிறைய, மூன்று நாள் முன்பு எடுத்தாலும் கிடைக்கும். வூயி மலைக்கான துண்டை மட்டும் விற்பனை திறந்த அன்றே எடுத்துவிடுங்கள். இரண்டாம் வகுப்பே தாராளமாக இருக்கும்.

ஸ்டேஷன் பெயரில் ஏமாறுவது சகஜம். சாவ்சோவுக்கு இறங்க வேண்டிய அதிவேக ஸ்டேஷன் சாவ்ஷான், ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து பஸ் உண்டு. சியாமெனில் தீவுக்குள் ஒன்று, கரைப்பக்கம் வடக்கு ஸ்டேஷன் ஒன்று. வூயி மலைக்கு வூயிஷான் வடக்கு, நான்பிங் நகரம் என்று இரண்டு ஸ்டேஷன்கள். எதில் இறங்குகிறீர்கள் என்று பார்த்து அறை போடுங்கள். தவறான ஸ்டேஷனில் இறங்கினால் டாக்சிக்குக் கொடுப்பது ஒரு நாள் சாப்பாட்டுக் காசு.

பாஸ்போர்ட்தான் டிக்கெட். தானியங்கிக் கதவு அதைப் படிக்காவிட்டால் ஓரத்தில் ஆள் நிற்கும் வழிக்குப் போங்கள். பாதுகாப்புச் சோதனை இருப்பதால் முக்கால் மணி நேரம் முன்னதாகப் போவது நல்லது. பழம் நறுக்கும் கத்தி, பெரிய ஸ்ப்ரே டப்பா எல்லாம் அங்கேயே பறிபோகும்.

8. தங்குமிடமும் சாப்பாடும்

சில சின்ன விடுதிகளுக்கு வெளிநாட்டவரைப் போலீஸ் பதிவில் ஏற்றத் தெரியாது, அதனாலேயே வேண்டாம் என்பார்கள். முன்பதிவு செய்ததும் "வெளிநாட்டுப் பாஸ்போர்ட், பதிவு செய்ய முடியுமா?" என்று மொழிபெயர்ப்பில் ஒரு செய்தி அனுப்பிப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்குப் போய் நின்று வாதாடுவதைவிட அது மேல். தேயிலை விவசாயி வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். வீட்டுக்காரரையே கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

சைவக்காரர்களுக்கு இந்த வழி கொஞ்சம் சோதனைதான். கீரையைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். சாவ்சோவில் வெறும் நூடுல்ஸ் கேட்டாலும் எலும்புச் சாறு ஊற்றி வரும். "இறைச்சி, மீன், விலங்குக் கொழுப்பு, எலும்புச் சாறு, சிப்பிச் சாறு வேண்டாம்" என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிச் சீனத்தில் எழுதிப் போனில் வைத்துக் காட்டுங்கள். "சைவம்" என்று மட்டும் காட்டினால் போதாது. பௌத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்களே நம்பகமானவை. மதியம் சீக்கிரம் போய்விடுங்கள், தாமதித்தால் பாத்திரம் காலி. ஊரிலிருந்து பருப்புப் பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போனால் வெறும் சோறு எங்கேயும் கிடைக்கும்.

9. சாவ்சோ: முதல் மூன்று நாள்

இங்கிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம், குடிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஊர் இல்லை. நகைக்கடை, மருந்துக்கடை, பைக் பழுது பார்க்கும் கடை என எங்கும் ஒரு தட்டும் மூடி போட்ட கிண்ணமும் மூன்று சின்னக் கோப்பையும் இருக்கும். நான்கு பேர் உட்கார்ந்தாலும் கோப்பை மூன்றுதான். மற்றவரை முதலில் எடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த சுற்றில் நீங்கள் எடுப்பது மரியாதை. ஊற்றும்போது மேசையில் விரலால் இரண்டு முறை தட்டினால் நன்றி சொன்னதாக அர்த்தம்.

முதல் நாள் பழைய ஊரில் நடந்து நாலைந்து கடைகளில் உட்காருங்கள். மிலான்ஷியாங், யாஷிஷியாங், ஹுவாங்சிஷியாங் என்று இந்த மலையின் ஊலாங்கான தான்சொங் வகைகளை வாசனை கொண்டே பிரிப்பார்கள். ஊற்றி முடித்ததும் கிண்ண மூடியைத் திருப்பி மோந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது ஒரு வாசனை, ஆறியதும் வேறு. தரம் குறைந்த டீயில் ஆறிய மூடி ஒன்றும் சொல்லாது. முதல் நாள் எதையும் வாங்காதீர்கள்.

இரண்டாம் நாள் ஃபெங்ஹுவாங் ஊருக்குப் பஸ்ஸில் போங்கள். அங்கிருந்து 1,300 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஊடொங் மலைக்கு ஏற வண்டி பிடிக்க வேண்டும். முதல் நாள் டீ குடித்த கடைக்காரருக்கு மேலே சொந்தக்காரர்கள் இருப்பார்கள், அவரிடமே கேளுங்கள். ஸ்டேஷன் வாசலில் கூப்பிடும் ஓட்டுநரைவிட அது மலிவு.

ஏப்ரலில் வரும் புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடுவது. இலையை வெயில் ஏறிய பிறகு, பிற்பகலில்தான் பறிப்பார்கள். மாலை வெயிலில் சற்று வாட வைத்து, இரவில் மூங்கில் தட்டுகளில் இட்டு, இடைவெளி விட்டு உலுக்குவார்கள். இலையின் ஓரம் அடிபட்டுச் சிவக்கும், பச்சை வாடை போய்ப் பூ வாசனை ஏறும். அந்த வாசனை சரியான இடத்துக்கு வந்ததும், விடியும் நேரத்தில், சூடான சட்டியில் போட்டு மாற்றத்தை நிறுத்துவார்கள். பகலில் போனவர்கள் பார்ப்பது வெறும் செடியை. டீ பிறப்பதைப் பார்க்க ஒரு இரவு மலைமேல் தங்க வேண்டும். மேலே குளிரும், சட்டை ஒன்று கூடுதலாக எடுத்துப் போங்கள்.

10. சுவான்சோ, அன்ஷி

அன்ஷி நிர்வாக ரீதியில் சுவான்சோவைச் சேர்ந்தது, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். சுவான்சோவில் இரண்டு இரவு போட்டது கால் ஆற, துணி துவைக்க. அதோடு தமிழர்கள் தாண்டிப் போகக் கூடாத ஊரும் அது. 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது இங்கேதான். காய்யுவான் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் நரசிம்மர், கண்ணன் உருவங்கள் செதுக்கிய கல்தூண்கள் இன்னும் நிற்கின்றன. முன்வாசலோடு திரும்பிவிடாதீர்கள், சுற்றிப் பின்னால் போக வேண்டும். நுழைவுக்கட்டணம் இல்லை.

அன்ஷியில் ஷிபிங், கான்தெ, ஷியாங்ஹுவா மூன்றும் பெயர்பெற்ற தியேகுவான்யின் ஊர்கள். மூன்றுக்கும் போக நினைத்தால் ஒரு நாள் போதாது, ஒன்றைப் பிடியுங்கள். அதைவிட எனக்குப் பிடித்தது அன்ஷி நகரின் பெரிய தேயிலைச் சந்தை. விவசாயிகள் சாக்கோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். வாங்குகிறவர் கையை விட்டு அள்ளி, மோந்து, வரிசையாக வைத்த கிண்ணங்களில் ஊற்றிப் பார்த்துவிட்டு நகர்வார். காலையில் போனால்தான் களை. சுற்றியுள்ள சந்துகளில் பெண்கள் தட்டின் முன் குனிந்து, சுருண்ட இலையிலிருந்து காம்பை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துக்கொண்டிருப்பார்கள். தியேகுவான்யின் விலையில் இந்தக் கைவேலைக்கும் பங்கு உண்டு. காம்போடு விற்கும் சரக்கு மலிவாக இருப்பது அதனால்தான். வீட்டுக்குக் குடிக்க அது போதும்.

11. வூயி மலை

சுற்றுலாப் பகுதிக்கு வெளியே சாங்கு பக்கம் சின்ன ஹோட்டல்கள் நிறைய, அங்கே தங்கினால் நடந்தும் பஸ்ஸிலும் சமாளிக்கலாம். உள்பஸ்ஸுக்குத் தனிக் கட்டணம் உண்டு, உள்ளே போகப் பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்கூட்டியே பதிய வேண்டும். மூங்கில் தெப்பப் பயணம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் விலை அதிகம். டீக்காக வந்தவர்கள் விட்டுவிடலாம்.

விடக் கூடாதது தாஹொங்பாவ் பாறையிலிருந்து ஹுய்யுவான் பள்ளத்தாக்கு வழியாக ஷுய்லியான் குகை வரை போகும் நடைபாதை. இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். இரண்டு பக்கமும் பாறைச்சுவர், நடுவில் மேசை அகலத்துக்குக் கல் வரப்பு கட்டிய தோட்டங்கள். வெயில் சில மணி நேரமே விழும், மேலிருந்து நீர் கசியும், மண் பாறையின் பொடி. இந்த டீயை ஏன் பாறை டீ என்று தனியாக விலை வைக்கிறார்கள் என்பது இங்கே நடந்தால் புரியும். கல்படிகளில் பாசி உண்டு, பிடிமானமுள்ள காலணி போடுங்கள். காலை ஏழு மணிக்கே கிளம்பினால் கொடி பிடித்த கூட்டத்துக்கு முன் முடித்துவிடலாம்.

பாறை இடுக்கில் நிற்கும், தாஹொங்பாவ் டீயின் ஆறு தாய்ச்செடிகளில் 2006 முதல் பறிப்பதே இல்லை. "தாய்ச்செடி இலை" என்று யாராவது காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். கறுப்பு டீ பிறந்த தொங்மு கிராமத்துக்குப் போகவும் திட்டம் போடாதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் இருக்கிறது, சோதனைச் சாவடியில் வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், வண்டிக் காசு வீண்.

ஏப்ரல் கடைசியில் வந்தவர்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஷிங்சுன் ஊர்த் தெருக்களில் நடந்து பாருங்கள். பட்டறைகளில் நீண்ட உருளைகள் சுற்றிக்கொண்டிருக்கும், தெருவே மணக்கும். வாசலில் நின்று சைகையில் கேட்டால் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள். இலையில் கை வைக்காதீர்கள்.

12. வாங்கும்போது

விலை சொல்வது கிலோவுக்கு இல்லை, ஜின்னுக்கு. ஒரு ஜின் 500 கிராம், ஒரு லியாங் 50 கிராம். "600" என்றால் அரைக் கிலோ 600 யுவான், அதில் ஒரு லியாங் 60 யுவான். இது தெரியாமல் சின்னப் பொட்டலத்தைக் காட்டி விலை கேட்டு, தலையாட்டி, பெரிய பெட்டியோடு வெளியே வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வூயி டீ 8 கிராம் அளவுச் சின்ன உறைகளில் வரும், ஒரு ஜின்னுக்கு 60 உறைக்குச் சற்று மேல். ஆக 600 யுவான் டீ உறைக்குப் பத்து யுவான் சுமார். உறைக் கணக்கில் பேரம் பேசினால் தலை சுற்றாது.

வெறும் வயிற்றில் ருசி பார்க்காதீர்கள். நல்ல ஊலாங் வரிசையாக உள்ளே போனால் கை நடுங்கி மயக்கம் வரும், அந்த நிலையில் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டிவிடலாம். பையில் கடலை மிட்டாய் இருக்கட்டும். லேசான டீயை முதலிலும் வாட்டல் கூடியதைக் கடைசியிலும் குடியுங்கள். மாற்றிக் குடித்தால் லேசானது வெந்நீர் மாதிரி இருக்கும்.

பிடித்த டீயை ஒரு தடவை இரண்டு நிமிடம் ஊறவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். விரைவாக ஊற்றினால் எந்த டீயும் இனிக்கும், நீண்ட ஊறலில்தான் துவர்ப்பும் கருகலும் வெளியே வரும். பிறகு கிண்ணத்தில் இருக்கும் இலையை விரித்துப் பாருங்கள். மிருதுவாக விரிந்தால் நல்லது, கரித்துண்டாக விரியாமல் கிடந்தால் தரக் குறைவை வாட்டலில் மறைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து குடித்தால் ஒரு லியாங்காவது வாங்குவது முறை. அதற்கு மேல் கட்டாயம் இல்லை.

டாக்சி ஓட்டுநரோ விடுதிக்காரரோ கூட்டிப்போகும் கடையில் அவருடைய பங்கும் விலையில் ஏறியிருக்கும். ஷாங்காய் போன்ற பெருநகரங்களில் "ஆங்கிலம் பேசிப் பழகலாம்" என்று இளைஞர்கள் வந்து டீக்கடைக்கு அழைத்தால் போகாதீர்கள். வெளியே வரும்போது பில் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

சாவ்சோவில் வாங்கியதைத் தூக்கிக்கொண்டு மலை ஏற வேண்டாம். ஷுன்ஃபெங் கூரியரில் கடைசி ஊர் ஹோட்டலுக்கு அனுப்பச் சொன்னால் கடைக்காரரே செய்வார். பில்லை வாங்கி வையுங்கள், சுங்கத்தில் கேட்டால் காட்டலாம். வீட்டுக்கு வந்ததும் பச்சை வாசனையுள்ள தியேகுவான்யினைக் காற்றுப் புகாத உறையோடு ஃப்ரிட்ஜில் வைத்து ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். வாட்டல் தூக்கலாக இருக்கும் வூயி டீக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம். மூடிய டின்னில், மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் இல்லாமல், இரண்டு மாதம் விட்டுவிட்டுத் திறங்கள், தணல் வாடை அடங்கியிருக்கும்.